பிஎஸ்பி நடுவில் நின்றுபோகிறது: கஸ்டம் ஃபேர்ம்வேரைக் கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறேன். தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் தம்பிக்காகப் புறக்கோட்டையில் பழைய பிஎஸ்பி கேம் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கேம்களை ஏற்றித்தான் தந்தார்கள். கொஞ்ச நாளாக விளையாடும்போதே திரை உறைந்து, பிறகு தானாக அணைந்துவிடுகிறது. திரும்பப் போட்டால் பாதி கேம்களைக் காணவில்லை, மிச்சத்தில் சிலதைத் திறந்தால் 80020148 என்று ஓர் எண் வருகிறது. டவுன் கடையில் காட்டியதற்கு, உள்ளே இருப்பது கள்ள சொஃப்ட்வேர், கழற்றி ஒரிஜினல் ஏற்ற ஆறாயிரம் ரூபா, ‘பர்மனன்ட்’ ஆக்குவதென்றால் எட்டாயிரம் ரூபா என்கிறார்கள். பேட்டரிக்கு அடியில் பிஎஸ்பி-2006 என்று இருக்கிறது. செட்டிங்ஸில் 6.60 ப்ரோ-சி2 என்று காட்டுகிறது. கழற்றினால் தம்பி விளையாடிச் சேமித்து வைத்ததெல்லாம் போய்விடுமா?

பதில்: தங்கச்சி, ஆறாயிரமும் கொடுக்க வேண்டாம், எட்டாயிரமும் கொடுக்க வேண்டாம். கடைக்காரர் கள்ள சொஃப்ட்வேர் என்பது கஸ்டம் ஃபேர்ம்வேரை, அதாவது சோனியின் அசல் மென்பொருளை வெளியாட்கள் மாற்றியமைத்ததை. அது இருக்கிற காரணத்துக்காகவே ஒரு பிஎஸ்பி நடுவில் நின்றுபோவது அபூர்வம். பெரும்பாலும் பேட்டரி, இல்லாவிட்டால் மெமரி ஸ்டிக். இந்த இரண்டையும் கையில் எடுத்துப் பார்க்காமலே “சொஃப்ட்வேர் போயிட்டு” என்று சொல்கிறவரிடம் சாமானை விட்டுவிட்டு வரக்கூடாது. கழற்றத்தான் போகிறீர்கள் என்றாலும் பேட்டரியைப் பார்த்த பிறகுதான் கழற்ற வேண்டும். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நீங்கள் இரண்டு கோளாறு எழுதியிருக்கிறீர்கள். நின்றுபோவது ஒன்று, எண் வருவது ஒன்று. உண்மையில் முதலாவது நடப்பதால்தான் இரண்டாவது வருகிறது. உங்களிடம் இருக்கும் ப்ரோ வகை ஃபேர்ம்வேர் தன் கோப்புகளைக் கருவிக்குள் வைத்திருக்கும், ஆனால் கருவி முழுதாக அணைந்து மறுபடி எழும்பும்போது தானாக விழித்துக்கொள்ளாது. சோனி நிறுவனத்தின் அசல் மென்பொருள்தான் முதலில் எழும்பும். அந்த நிலையில் மெமரி ஸ்டிக்கில் உள்ள ஐஎஸ்ஓ கேம்கள், அதாவது அசல் தட்டின் நகல் கோப்புகள், பட்டியலிலேயே தெரியாது. வேறு வகையில் ஏற்றியவை தெரியும், ஆனால் திறந்தால் 80020148 வரும். “இதை இயக்க எனக்கு அனுமதி இல்லை” என்று அசல் மென்பொருள் சொல்வதுதான் அந்த எண். கேம் அழியவில்லை, கருவியும் கெடவில்லை. கேம் பகுதியில் மெமரி ஸ்டிக்கைத் திறந்து ‘ஃபாஸ்ட் ரிக்கவரி’ என்று இருப்பதை ஓட்டினால் எல்லாம் திரும்பி வரும். பெரிய நிறுவனம் ஒன்று ஒரு வரி விளக்கம் போடாமல் வெறும் எண்ணைக் காட்டிவிட்டுப் போனதால், அந்த எண்ணைக் காட்டியே இங்கே எத்தனையோ பேர் காசு பிடுங்குகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்.

தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பவர் சுவிட்சை ஒரு தடவை தள்ளி விட்டால் கருவி தூங்கும், ஃபேர்ம்வேர் அப்படியே இருக்கும். சுவிட்சைத் தள்ளிச் சில விநாடி பிடித்திருந்தால் முழுதாக அணையும், ஃபாஸ்ட் ரிக்கவரி மறுபடி வேண்டும். பேட்டரி வற்றினாலும் அதே கதைதான்.

சரி, ஏன் நிற்கிறது?

பேட்டரியில் தொடங்குங்கள். பின்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்துத் தட்டையான மேசையில் படுக்க வைத்து, ஓரத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். நல்ல பேட்டரி அசைந்து நின்றுவிடும். வீங்கியது நடுவயிற்றில் ஊன்றிக்கொண்டு பம்பரம் மாதிரிச் சுற்றும். மூடி சரியாகப் பூட்டாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றாலும் அதே அர்த்தம். பழைய பிஎஸ்பிகளில் இது சர்வசாதாரணம். உற்பத்தி 2014இல் நின்றுபோன கருவிக்கு இன்று புது அசல் பேட்டரி கிடைப்பது குதிரைக் கொம்பு.

வீங்கிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீர்கள், அமுக்கித் திணிக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். லயத்தில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடும் பழக்கம் இருக்கிறது, அடுப்பிலும் போடுவார்கள். இது லித்தியம், தீயில் போட்டால் வெடிக்கும். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல், நெருப்பும் ஈரமும் படாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரிதான் குற்றவாளியா என்று காசில்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, சார்ஜரை மட்டும் சொருகி விளையாடவிடுங்கள். பிஎஸ்பி அப்படியும் ஓடும். வழக்கமாக நிற்கும் நேரத்தைத் தாண்டி நிற்காமல் ஓடினால் பழி பேட்டரி மேல்தான். ஆனால் சார்ஜர் 5 வோல்ட் சார்ஜராக இருக்க வேண்டும். முள் பொருந்துகிறது என்று ரேடியோவின் 9 வோல்ட் அடப்டரையோ ரவுட்டரின் 12 வோல்ட் அடப்டரையோ சொருகிவிடாதீர்கள். சார்ஜர் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், தம்பியை விளக்கு வெளிச்சத்தில் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுப் பேட்டரி வாங்கும்போது ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பிஎஸ்பி-2006 என்பது 2000 ரகம். அந்த ரகத்துக்குக் கருவியோடு வந்த அசல் பேட்டரியின் கொள்ளளவு 1200 மில்லி ஆம்பியர் மணி. அதே மெல்லிய உடம்பில் 3600 என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். அவ்வளவு அந்த அளவுக்குள் அடங்காது. ஸ்டிக்கரில் பொய் எழுதுகிறவன் உள்ளே என்ன செல் வைத்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். மலிவுப் பேட்டரிதான் வாங்க முடியும் என்றாலும், கடையிலேயே போட்டுப் பார்த்து, மூடி தட்டையாகப் பூட்டுகிறதா, சார்ஜ் சதவீதம் காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது மெமரி ஸ்டிக். மூடியைத் திறந்து பாருங்கள், அனேகமாக அசல் ஸ்டிக் இருக்காது. ஒரு அடப்டருக்குள் மைக்ரோ எஸ்டி கார்டு இருக்கும். அடப்டரில் குற்றம் இல்லை, போலிக் கார்டுதான் தொல்லை. 32 ஜிபி என்று காட்டும், உள்ளே 4 ஜிபிகூட இருக்காது. நிறைந்த பிறகும் எழுதிக்கொண்டே போகும், பின்னால் எழுதியதெல்லாம் குப்பையாகிவிடும். ஏற்றிக் கொடுத்த கேம்களில் சில ஒழுங்காக ஓடி, சில எப்போதும் ஒரே கட்டத்தில் உறைந்தால் இதைச் சந்தேகிக்கலாம். நான் பிடிக்கும் அடையாளம் இதுதான்: ஒரே கேமின் ஒரே இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றால் கார்டு அல்லது அந்த கேம் கோப்பு. எந்த கேமிலும் எந்த நேரத்திலும் நின்றால் பேட்டரி.

கார்டைச் சோதிக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். தோட்டத்தில் யாரிடமும் இல்லையென்றால், பக்கத்தில் பொதுக் கம்ப்யூட்டர் நிலையம் இருந்தால் அங்கேயோ தம்பியின் பள்ளிக்கூடத்திலோ கேட்டுப் பார்க்கட்டும். முதல் வேலையாகக் கார்டில் இருக்கும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க வேண்டும். எல்லாம் முடியாவிட்டால், ‘பிஎஸ்பி’ என்ற கோப்புறைக்குள் ‘சேவ்டேட்டா’ என்றொரு கோப்புறை இருக்கும், அதையாவது. தம்பி சேமித்தது முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. அதன்பின் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் அது கார்டு முழுக்க எழுதித் திரும்ப வாசித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், பொறுக்க வேண்டும். கார்டு நல்லது என்று வந்தால், ஃபார்மட்டை பிஎஸ்பிக்குள்ளேயே செய்துவிட்டு, நகல் எடுத்ததைத் திரும்பப் போடுங்கள். பெரிய கார்டுகளைக் கம்ப்யூட்டரும் ஃபோனும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்துவிடும், பிஎஸ்பிக்கு அது புரியாது. பொதுக் கம்ப்யூட்டரில் கார்டைச் சொருகினால் ஷார்ட்கட் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும் ஆபத்தும் உண்டு. கோப்புறைகளை மறைத்துவிட்டுப் போலி ஷார்ட்கட் காட்டும். அதைப் பார்த்துப் பதறிப்போய் உடனே அழித்துவிடாதீர்கள், உண்மையான கோப்புகள் மறைந்துதான் இருக்கும்.

நம்ம பக்கத்துக் குளிருக்கும் மூடுபனிக்கும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஈரக்காற்று கார்டின் பித்தளை நிறப் பற்களிலும் பேட்டரி தொடும் முனைகளிலும் கறை பிடிக்க வைக்கும். தலவாக்கலையில் மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். ஃபாமசியில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் லேசாகத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். அடுப்படியில் வைத்துக் காய வைக்கக் கூடாது.

மூன்றாவது, பிளகின்கள், அதாவது கஸ்டம் ஃபேர்ம்வேரோடு ஒட்டி ஓடும் சின்ன மென்பொருள்கள். கடைக்காரர்கள் கேம் ஏற்றும்போது ஏமாற்று வித்தை, திரையைப் படம் பிடிப்பது, கலர் மாற்றுவது என்று எதை எதையோ திணித்துவிடுவார்கள். கார்டைத் திறந்தால் எஸ், இ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி பிளகின்ஸ் என்று முடியும் கோப்புறை தெரியும். அதன் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வைத்தால் போதும், பிளகின்கள் எல்லாம் ஓடாமல் நின்றுவிடும். அப்புறம் மெயின் மெனுவில் செலெக்ட் பட்டனை அழுத்தினால் சின்ன மெனு ஒன்று வரும். அதில் சிபியு வேகம் 333 என்று ஏற்றி வைத்திருந்தால் டிஃபோல்டுக்கு மாற்றுங்கள். கிழட்டுப் பேட்டரிக்கு அந்த வேகம் தாங்காது.

இவ்வளவும் செய்தபின் ஒழுங்காக ஓடினால், கழற்றும் பேச்சை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். கழற்றினால் ஏற்றிக் கொடுத்த கேம்கள் எதுவும் ஓடாது என்பதைக் கடைக்காரர் உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். ஆறாயிரம் வாங்கிக் கழற்றிவிட்டு, “கேம் ஓடலியே” என்று போனால் திரும்ப ஏற்ற இன்னொரு தொகை கேட்பார். வாங்காத கேமை ஏற்றி விற்பது சட்டப்படி குற்றம். அதைச் செய்தவர்கள் இப்போது ‘கள்ள சொஃப்ட்வேர்’ என்று உங்களைப் பயமுறுத்துவதை நீங்கள் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. கேம் வரும் சின்ன டிஸ்க்கான அசல் யூஎம்டி தட்டு மட்டும் போதும், சுத்தமான கருவிதான் வேண்டும் என்றால் தாராளமாகக் கழற்றுங்கள். அதை வீட்டிலேயே செய்யலாம்.

எது கழற்றுவது ஆகாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மெமரி ஸ்டிக்கை ஃபார்மட் செய்தால் கஸ்டம் ஃபேர்ம்வேர் போகாது, தம்பியின் சேமிப்புகள்தான் போகும். செட்டிங்ஸில் உள்ள ‘ரிஸ்டோர் டிஃபோல்ட்’ கொடுத்தாலும் போகாது, நேரமும் தேதியும் மற்ற விருப்பங்களும்தான் பழையபடி ஆகும். சில கடைகளில் இந்த இரண்டையும் செய்துவிட்டு முழுத் தொகையும் வாங்குகிறார்கள்.

உங்களுடையது 6.60. சோனி கடைசியாக 2015இல் வெளியிட்ட அசல் பதிப்பு 6.61. அதை மேலே ஏற்றினால் கருவிக்குள் இருக்கும் மென்பொருள் புதிதாக எழுதப்பட்டுப் பழையது போய்விடும், வேறு வித்தை வேண்டாம். பிஎஸ்பியின் வைஃபை மூலம் அப்டேட் எடுக்க முயற்சிக்காதீர்கள், இப்போதைய ரவுட்டர்களின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் சோனியின் அசல் 6.61 கோப்பை எடுத்து, கார்டில் ‘பிஎஸ்பி’ கோப்புறைக்குள் ‘கேம்’, அதற்குள் ‘அப்டேட்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் கோப்புறை உண்டாக்கி, அதற்குள் ‘ஈபூட்.பிபிபி’ (EBOOT.PBP) என்ற அதன் பெயரை மாற்றாமல் போடுங்கள். பிறகு கருவியை முழுதாக அணைத்துத் திரும்பப் போடுங்கள். ஃபாஸ்ட் ரிக்கவரியை ஓட்ட வேண்டாம். கஸ்டம் ஃபேர்ம்வேர் தூங்கும் நிலையில், அசல் மென்பொருள் எழும்பியிருக்கும்போதே அப்டேட்டை ஓட்டுவதுதான் பத்திரம். பேட்டரி போதிய சார்ஜோடு இருந்து, சார்ஜரும் சொருகியிருந்தால்தான் கருவி அப்டேட்டைத் தொடங்கவே விடும்.

முதலில் பேட்டரியைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கருவி செத்துப்போகும். இடி மின்னல் பொழுதில், மலைப்பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் போனால் பேட்டரிதான் தாங்க வேண்டும், அந்தப் பேட்டரியே வீங்கியதாக இருந்தால் தாங்க ஆளில்லை. வானம் தெளிந்த காலை நேரத்தில் செய்யுங்கள். முடியும்வரை தொடாதீர்கள், கார்டைக் கழற்றாதீர்கள். முடிந்தபின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 6.61 என்று மட்டும் இருக்க வேண்டும், பின்னால் ப்ரோ, எல்எம்இ என்று கஸ்டம் ஃபேர்ம்வேர் பெயர் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. சேமிப்புகள் கார்டில் அப்படியே இருக்கும். பிற்காலத்தில் அதே கேமின் அசல் தட்டு கிடைத்தால் தொடர்ந்து விளையாடலாம்.

இதை வாசிக்கும் மற்றவர்களில் யாரிடமாவது ஏற்கெனவே 6.61 மேல் கஸ்டம் இருந்தால், அதே பதிப்பை மறுபடி ஏற்ற அசல் அப்டேட் ஒத்துக்கொள்ளாது. அதை ஏற்றப் பயன்படுத்திய நிறுவியைத் திறந்தால் நீக்குவதற்கு எந்தப் பட்டன் என்று திரையிலேயே இருக்கும்.

இனி அந்த எட்டாயிரம் ரூபா ‘பர்மனன்ட்’. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், 2000 ரகம் வைத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். 6.60இல் நிரந்தரமாக ஒட்டவைக்கும் பழைய முறை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 1000 ரகத்திலும் 2000 ரகத்திலும் அது வேலை செய்யும். ஆனால் 2000 ரகத்திலேயே டிஏ-088 வி3 என்று ஒரு போர்ட், அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை, இருக்கிறது. சோனி அதை அதே கூட்டுக்குள், அதே 2000 என்ற பெயரிலேயே வெளியிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அந்த போர்டுக்குப் பழைய நிரந்தர முறை சரிவராது, வலுக்கட்டாயமாக எழுதினால் கருவி எழும்பாது. “செத்தால் பண்டோரா பேட்டரி போட்டு எழுப்பிடுவோம்” என்று கடைக்காரர் தைரியம் சொல்வார். செத்த கருவியை எழுப்புவதற்கென்றே மாற்றியமைத்த பேட்டரி அது. மற்ற 2000களை எழுப்பும், வி3ஐ எழுப்பாது. 3000 ரகத்தையும் எழுப்பாது. ஆகவே அவருடைய இரண்டு வாக்குறுதியும் உங்கள் போர்ட் எது என்று தெரியாத வரைக்கும் வெறும் பேச்சு. ‘பிஎஸ்பி ஐடென்ட்’ என்ற சின்ன மென்பொருளை, கஸ்டம் விழித்திருக்கும்போது ஓட்டினால் போர்ட் பெயரைத் திரையில் காட்டும். அதை ஓட்டிக் காட்டாமல் பர்மனன்ட் பேசுகிறவரிடம் ஒரு சதம் கொடுக்காதீர்கள். வெளிக்கூட்டைப் பார்த்து ரகத்தைச் சொல்கிறவரையும் நம்ப வேண்டாம், கூடு மாற்றிப் போட்ட கருவிகள் சந்தையில் ஏராளம். உங்களுடையதில் திரைக்குக் கீழே இடப்பக்கப் பட்டனில் ‘ஹோம்’ என்று எழுதியிருந்தால் கூடும் 2000தான். பிஎஸ் என்ற சின்னம் இருந்தால் 3000 கூட்டை மாட்டியிருக்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, பர்மனன்ட் வேண்டவே வேண்டாம். அணைந்து எழும்பினால் ஃபாஸ்ட் ரிக்கவரியை ஒரு தடவை அழுத்துவது பெரிய வேலையா? அதற்கு எட்டாயிரமா?

எப்படியும் கடைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று வந்தால், மெமரி ஸ்டிக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பேட்டரிக்கு அடியில் உள்ள ரகம், தொடர் எண் இரண்டையும் ஃபோனில் படம் எடுங்கள், பேட்டரியையும் படம் எடுங்கள். நல்ல பேட்டரியை உருவிக்கொண்டு கிழட்டுப் பேட்டரியைப் போட்டுத் திருப்பித் தருவது நடக்கிற காரியம். “கொழும்புக்கு அனுப்பிச் செய்யணும்” என்று சொன்னால் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்களே கொழும்பில் இருக்கிறீர்கள், இடையில் ஒரு ஆளுக்குக் கமிஷன் எதற்கு? ரசீதும் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது, முறையிட 1977 என்ற இலக்கமும் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்திலிருந்து ஒருவர் முறைப்பாடு கொடுக்க ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய வேலையை விட்டு, பஸ் ஏறி டவுனுக்கு வந்து அலைய வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நாள் சம்பளம் போகும் என்று தெரிந்துதான் இவர்கள் ரசீது எழுதாமல் தைரியமாக இருக்கிறார்கள். இதைக் கேட்க வேண்டியவர்கள் மலைநாட்டுக்கு வந்து கேட்டதை நான் பார்க்கவில்லை.

பேட்டரி நல்லது, கார்டு நல்லது, பிளகின் இல்லை, 6.61 சுத்தமாக ஏற்றியாயிற்று, அப்போதும் நிற்கிறதா? கார்டை வெளியே எடுத்துவிட்டு, யாரிடமாவது அசல் யூஎம்டி தட்டு ஒன்று இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். அதிலும் நின்றால் போர்டில் கோளாறு. அதற்குச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். போர்டை மாற்றக் கேட்கும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் வேறொரு பழைய கருவி வாங்கலாம். அப்போது இதன் சார்ஜரும் கார்டும் அதற்கு ஆகும்.